காலிப் பாத்திரம் திருப்பாத ஊர்

தேர்தல் வருஷம் வந்துவிட்டால் போதும், எங்கள் ஸ்லேட் ஃபோர்க் பள்ளத்தாக்குக்கு டெலிவிஷன்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்க வாசலை ஒரு படம், பல் போன கிழவனை ஒரு படம், ஜன்னல் உடைந்த வீட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஊர் ஏன் இப்படி ஆயிற்று என்று எங்களையே கேட்பார்கள். ஒரு தடவை தபால் ஆபீஸ் வாசலில் ஒருவன் என் மூக்குக்குக் கீழே மைக்கை நீட்டினான். "முதல்ல மழைக்கு ஒதுங்கி நில்லு தம்பி, அப்புறம் ஊரைக் காப்பாத்தலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் ஓலீட்டா அண்ணியின் கதை. அதைச் சொல்ல நேரம் பிடிக்கும். அவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

ஓலீட்டா என் அண்ணன் ஹோபர்ட்டின் மனைவி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆள் உயரம், ஆம்பளைக் கை. அடுப்பிலிருந்து பெரிய தட்டத்தைத் துணி இல்லாமல் எடுப்பாள். சிரிப்பு மட்டும் அவளுக்குத் தாமதமாக வரும். காலையில் சொன்ன கேலிக்கு மத்தியானம் சிரிப்பாள். யாருக்காவது எதையாவது கொடுக்காமல் ஒரு நாள் போனால் அவளுக்கு உடம்பு சரியிருக்காது. என் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டியதே அந்தத் தாராள குணத்தில்தான் என்று அவன் எதிரிலேயே சொல்வேன். அவனும் ஆமாம் என்பான்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் அதைக் காலியாகத் திருப்பக் கூடாது. பீன்ஸ் வந்த சட்டியில் சோளரொட்டி போகும். மான் கறி வந்த தட்டில் ஆப்பிள் பண்டம் போகும். சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் வைக்க ஒன்றும் இல்லாமல், உப்பை ஒரு தாளில் மடித்து வைத்துத் திருப்பிய வீடுகள் உண்டு. வெறுங்கையோடு வந்து நிற்கிறவளைக்கூட மன்னித்துவிடுவோம். வெறும் பாத்திரத்தோடு வந்து நிற்கிறவளைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவோம்.

மருந்தும் அப்படித்தான் கைமாறியது. முன்பெல்லாம் சுரங்கத்துக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். சுரங்கம் சுருங்கியதும் அவர் போய்விட்டார். அடுத்த டாக்டர் மலை தாண்டி இருந்தார், பனி பெய்தால் அவரும் இல்லை. ஆகவே ஒரு குழந்தைக்குக் காது வலித்தால், எந்த வீட்டில் காது மருந்து மிச்சம் இருக்கிறதோ அந்த வீட்டு அலமாரிதான் ஆஸ்பத்திரி. மருந்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னவள் எங்கள் ஊரில் யாருமில்லை.

கிளிண்டன் ஆட்சி முடிகிற சமயத்தில், சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹோபர்ட்டின் முதுகில் கூரைக்கல் விழுந்தது. சாகவில்லை, அதற்காகத் தேவாலயத்தில் நன்றி சொன்னோம். ஆனால் செருப்பு மாட்டக் குனிய முடியாத ஆளாகிவிட்டான். அப்போதுதான் டவுனில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு கிளினிக் திறந்திருந்தார்கள். மருந்துக் கம்பெனியின் ஆள் ஒருவன் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு இனிப்புப் பெட்டியோடு அங்கே அடிக்கடி வருவான். அங்கிருந்த டாக்டர் வலிக்கு ஒரு புது மாத்திரையை எழுதிக் கொடுத்தார். "பயப்படாம போடுங்க. பழைய மாத்திரைங்க மாதிரி இது பழக்கமாயிடாது" என்றார். படித்த மனுஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

அந்த மாத்திரை வேலை செய்தது. அதுதான் வினை. ஒரே வாரத்தில் ஹோபர்ட் நடந்துபோய்த் தபால் பெட்டியைத் திறந்தான். ஓலீட்டா அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அதிலிருந்து எங்கள் ஊர்ப் பாத்திரங்களில் ரொட்டியோடு அந்த மாத்திரையும் போக ஆரம்பித்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு ஜோலா தன் கண்ணாடிச் சட்டியை வாங்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"என்ன, இந்த வாட்டி முள்ளங்கி ஊறுகாய் இல்லையா?" என்றாள் ஜோலா.

"ஊறுகாயெல்லாம் இவ அண்ணனே காலி பண்ணிட்டாரு. உன் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிச்சிருக்குன்னியே, ரெண்டு மாத்திரை வெச்சிருக்கேன். வெறும் வயத்துல குடுத்துடாதே."

"நீ நல்லா இருப்பே ஓலீட்டா. என் மனுஷன் ராத்திரி பூரா எருமை மாதிரி கத்தறாரு."

"அது இடுப்பாலயா, இயற்கையா?" என்று நான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். ஓலீட்டா அண்ணிகூட உடனே சிரித்தாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஷேன். அவன் பிறந்தபோது ஹோபர்ட் ஆசையாக ஒரு குட்டிச் சுரங்கத் தொப்பி வாங்கி வந்தான், நெற்றியில் விளக்கு வைத்தது. அண்ணி அதைத் தூக்கி நேரே அடுப்பில் போட்டாள். வீடு முழுக்க ரப்பர் நாற்றம் அடித்தது. "என் பிள்ளை அந்தக் குழிக்குள்ள இறங்க மாட்டான். அவன் முதுகு முழுசா இருக்கணும்" என்றாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான். வீடு கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. பிள்ளை முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் அந்த இரண்டு கோபுரங்கள் விழுந்த காலையில் நாங்கள் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு அறை டெலிவிஷனைச் சுற்றி வாத்தியார்களும் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் நியூயார்க்கைப் பார்த்தவர்கள் யாருமில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் இல்லை. ஆனாலும் அன்று நம் வீட்டுக் கூரையே இடிந்த மாதிரி எல்லோரும் அழுதார்கள். ஷேன் அப்போது கடைசி வருஷம். மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தான். அண்ணி டெலிவிஷனைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு அறையில் பால் வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் மேஜை போட்டார்கள். பிள்ளைகள் பால் எடுக்கப் போகிற வழி அது. நல்ல இடமாகப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். ஷேனும் அவன் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே கையோடு எங்களிடம் தட்டு நீட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஒரே சண்டை.

"உனக்கென்னடா தலையெழுத்து? சண்டைக்குப் போற நாட்டை உனக்கு மேப்புல காட்டத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"அதையெல்லாம் அவங்க காட்டுவாங்க."

"ஷேன், என்கிட்ட வெளையாடாதே."

"நான் எங்கம்மா வெளையாடறேன்? சுரங்கத்துக்குப் போகாதேன்னு சொன்னது நீதானே? வேற எங்க போறது, சொல்லு."

"கடையில வேலை இருக்கு."

"எந்தக் கடை? மூடின கடையா, மூடப்போற கடையா?"

ஹோபர்ட் நாற்காலியில் சாய்ந்தபடி, "பையன் சொல்றது தப்பில்லையே. அங்க காத்தாவது இருக்கும்" என்றான். அவனுக்குச் சுரங்கத் தூசியால் நுரையீரல் அப்போதே கெட்டிருந்தது. கடைசியில் ஷேன் அவள் தோளைப் பிடித்து, "முழுசா வந்துடுவேம்மா" என்றான்.

இராக் போருக்கு அவன் இரண்டு தடவை போனான். அந்த வருஷங்களில் போருக்குப் போனவன் திரும்பி வரும்வரை கட்டுகிற மஞ்சள் துணியை அண்ணி வாசல் தூணில் கட்டிவைத்தாள். மழையில் நைந்து போகும்போதெல்லாம் புதிது கட்டுவாள். இராக்கில் அப்போது மணி என்ன என்று அவளுக்கு எப்போதும் தெரியும். சூப்பைக் கிண்டிக்கொண்டே, "இப்ப எழுந்திருச்சிருப்பான்" என்பாள். அந்தப் போர் எதற்காக என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. தேடிப் போன ஆயுதம் அங்கே இல்லவே இல்லை என்று பிறகு டெலிவிஷனில் சொன்னார்கள், நாளைக்கு மழை இல்லை என்று சொல்வது போல. யார் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இப்படிச் சொல்கிறாய் என்று நான் டெலிவிஷனைப் பார்த்துக் கத்தினேன். அண்ணி கத்தவில்லை. அவளுக்கு ஆயுதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ரோட்டில் புதைத்திருந்த குண்டு வெடித்து ஷேன் போன வண்டி கவிழ்ந்தது. கூட இருந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஷேன் பிழைத்தான். ஊர் அவனைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டது, பள்ளிக்கூடத்துப் பாண்டு வாசித்தது. அண்ணி வண்டி நிற்கும்வரை பொறுக்காமல் ஏறி, அவன் தலை, காது, கை, விரல் என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அவன் கூச்சப்பட்டு, "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை தடவினாள்.

முதுகைத்தான் தடவிப் பார்க்க முடியவில்லை. வண்டி கவிழ்ந்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு நசுங்கியிருந்தது. அவனால் கட்டிலில் படுக்க முடியாது. கூடத்தில் வெறும் தரையில் படுத்து, முழங்காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடப்பான். முன்னாள் ராணுவக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி மூன்று மலை தாண்டி இருந்தது. போனில் கூப்பிட்டபோது, இலையுதிர் காலத்தில் வாருங்கள் என்றார்கள். அப்போது கோடைகூடத் தொடங்கவில்லை.

அலமாரியில் ஹோபர்ட்டின் மாத்திரை இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் செய்வதை அண்ணி செய்தாள். ஊருக்கெல்லாம் கொடுத்த கை, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்குமா? வேறு ஊராக இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் எப்படி என்று யோசித்திருப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு யோசனை இருப்பதே தெரியாது.

இலையுதிர் காலம் வந்தபோது அவனுக்கு வலி முதுகில் மட்டும் இல்லை. மாத்திரை இல்லாத நாளில் உடம்பு முழுக்க வலித்தது. வேர்த்தது, நடுங்கியது, வாந்தி வந்தது. அண்ணி அதைக் காய்ச்சல் என்று நினைத்தாள். பிறகு போரின் பாதிப்பு என்று நினைத்தாள். அது என்ன என்று அவளுக்கு விளங்கியபோது, ஜோலாவின் புருஷனுக்கும் அது இருந்தது, என் சித்தப்பா மகனுக்கும் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டுகிறவனுக்கும் இருந்தது. ஒரு வீட்டுக்காரன் இன்னொரு வீட்டின் அலமாரியை உடைக்க ஆரம்பித்தான். கதவுக்குப் பூட்டு வாங்கியறியாத ஊரில் பூட்டு விற்றது. பாத்திரங்கள் காலியாகவே திரும்பின. பிறகு பாத்திரம் அனுப்புவதே நின்றுபோனது.

ஒபாமா வந்த வருஷம் ஹோபர்ட் போய்ச் சேர்ந்தான். நுரையீரல் கல்லாகிவிட்டது என்றார்கள். அவனோடு மாத்திரைச் சீட்டும் போயிற்று. அண்ணனைப் புதைத்த மறு மாதம் அண்ணி என்னிடம் வந்து, "டவுனுக்குப் போகணும், கூட வர்றியா?" என்றாள். டயர் கடைக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. கிளினிக் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை. வேற்று மாநிலத்து நம்பர் போட்ட கார்கள். பிணம் எழுந்து வந்த மாதிரி முகங்கள்.

"அண்ணி, உனக்கு முதுகுல ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"மெதுவா பேசு."

"பொய் சொல்லி மாத்திரை வாங்கப் போறியா? நீயா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "மாத்திரை இல்லாட்டி அவன் படற பாட்டை நீ பாத்ததில்ல நெல்டா. குளியலறையில சுருண்டு கெடந்து, என்னைச் சுட்டுடும்மான்னு கெஞ்சறான். நான் என்ன செய்யட்டும் சொல்லு. நீ சொல்றதைச் செய்யறேன்."

வரிசையில் அவளோடு நானும் நின்றேன். உள்ளே டாக்டர், எங்கே வலி என்று கேட்டார். அவள் கையைப் பின்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் முன் வரிசையில் உட்காரும் ஓலீட்டா, அதற்குப் பிறகு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

அவள் அதை அளந்து கொடுத்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். குறைத்தும் காட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் அரசாங்க ஆட்கள் வந்து கிளினிக்கைப் பூட்டி, பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போனார்கள். டாக்டரைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனதை டெலிவிஷனில் காட்டினார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை வருஷம் தூங்கிவிட்டு வந்தவர்கள், இத்தனை பேருக்கு நாளைக் காலையில் என்ன ஆகும் என்று ஒருவரிடமாவது கேட்டார்களா? நெடுஞ்சாலை வழியாக நகரத்துப் பையன்கள் ஹெராயின் பொடி கொண்டுவந்தார்கள். மாத்திரையைவிட எளிதாகக் கிடைத்தது. ஷேன் அதற்குப் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லோரும் கரண்டியை நிறுத்திவிடுவோம். பாலத்துக்கு, எங்கள் வீடுகள் இருந்த இந்தப் பக்கம் திரும்புகிறதா, அந்தப் பக்கமா என்று காதைக் கொடுப்போம். அந்தப் பக்கம் போனால் மறுபடி கிண்ட ஆரம்பிப்போம். அந்தப் பக்கத்திலும் மனுஷர்கள்தான் இருந்தார்கள். ஆனாலும் கிண்டினோம்.

பொடி மிஞ்சி மூச்சு நின்றவர்களுக்கு மூக்கில் அடித்தால் போன உயிர் திரும்பும் என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். அண்ணி அதை ஏப்ரன் பையிலேயே வைத்திருப்பாள். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் அங்கே இருக்கும்போதே ஷேன் சமையலறைத் தரையில் கிடந்தான், உதடு நீலமாக. அவள் ஓர் அலறல்கூட இல்லாமல் மண்டியிட்டு, மருந்தை அடித்து, அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு கண் விழித்தான். அவளைப் பார்த்தான். "ஏம்மா எழுப்பினே?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில், "டேய், உனக்கு வெக்கமா இல்ல? பெத்தவகிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்று கத்திவிட்டேன்.

அண்ணி என்னைக் கையமர்த்தினாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் அழுதான். அழுகையை நிறுத்தத் தெரியாமல் அழுதான். மறு வாரம் தானாகவே கிளம்பி, குடியையும் பொடியையும் விட வந்தவர்களை வைத்துக்கொள்ளும் ஒரு பண்ணைக்குப் போனான். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே மாடு மேய்த்தான். திரும்பி வந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. "அத்தை, நீ இன்னும் சாகலையா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கிச் சுற்றினான். "முதுகுடா, முதுகு, என்னைக் கீழ விடு" என்று நான் கத்தினேன். அந்த வசந்தத்தில் மலைச் சரிவில் காட்டு வெங்காயம் பறித்து வந்து, பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி, ஊரே நாறும்படி மூன்று பேரும் சாப்பிட்டோம். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன கேலிக்கெல்லாம் உடனுக்குடனே சிரித்தாள்.

ஜோலாவின் வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் உடைந்தது. அவள் அப்போது தனி ஆள், புருஷன் போய்விட்டிருந்தான். ஷேன் பழையதை இறக்கிவிட்டுப் புதியதைத் தூக்கி வைத்துக் கொடுத்தான். அம்மா பிள்ளை, வேறு எப்படி இருப்பான்? முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனில் கூப்பிட்டால் உன் பழைய பழக்கத்துக்கு வலி மாத்திரை எழுத முடியாது என்றார்கள். ஒரு காலத்தில் கேட்காமலே அள்ளிக் கொடுத்தவர்கள்தான் டாக்டர்கள். மூன்றாம் நாள் அண்ணி வேலைக்கு வந்தாள். "இன்னைக்குத் தேவலைங்கறான்" என்றாள்.

கோழி வறுத்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டது. எல்லோரும் கரண்டியை நிறுத்தினோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய பிறகும் அந்த ரோட்டில் எத்தனையோ வீடுகள் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தாள். அதன் பையில் அந்த மருந்து அப்படியே இருந்தது. ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

பொடியை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை என்றார்கள். பொடியில் இப்போது வேறு என்னவோ கலக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஷேனுக்கு முப்பத்திரண்டு வயது.

அடக்கம் செய்த அன்று ராணுவத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பையன், சவப்பெட்டிமேல் விரித்திருந்த கொடியை முக்கோணமாக மடித்து, மண்டியிட்டு, நாடு நன்றியோடு இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லி அண்ணியிடம் கொடுத்தான். எந்த நாடு, என்ன நன்றி என்று எனக்கு நாக்கு துடித்தது. அண்ணி கொடியை வாங்கிக்கொண்டு, "எவ்வளவு தூரத்துலேருந்து வந்தே கண்ணு? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்தப் பையனுக்கு அதற்கு மனப்பாடமாகப் பதில் இல்லை.

சில வருஷம் கழித்து மருந்துக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டார்கள். எங்கள் மாவட்டத்தின் சார்பாக ஒரு வக்கீல் பெண் வந்தாள், திருமதி அப்டன் என்று பெயர். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. அண்ணியின் சமையலறையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோர்ட்டில் வந்து இதையே சொல்ல வேண்டும் என்றாள்.

"மாத்திரை உங்க மகன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு அங்க கேப்பாங்க, மேடம். டாக்டர் உங்க வீட்டுக்காரருக்கு எழுதினாரு, கம்பெனி அந்த டாக்டருக்குப் பொய் சொல்லுச்சு. அந்த வரிசையிலேயே சொன்னாப் போதும்."

"நான் குடுத்தேன்" என்றாள் அண்ணி.

"உங்களுக்குத் தெரியாதே மேடம், அது என்ன மருந்துன்னு. உங்களை ஏமாத்திட்டாங்க."

"தெரியாதுதான். தெரியாமத்தான் குடுத்தேன். ஆனா குடுத்தது யாரு கண்ணு?"

"அப்படிச் சொன்னா எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடிச்சுக்குவாரு."

"பிடிச்சுக்கட்டும். கம்பெனிக்காரன் என் வீட்டுக் கூடத்துக்கு வரல. டாக்டர் வரல. தண்ணி மொண்டு குடுத்ததும் நான்தான்."

திருமதி அப்டன் பேனாவை மூடினாள். அண்ணி கொடுத்த கேக்கை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனாள். கூப்பிடவில்லை. வேறு அம்மாக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஒரு வழியாகச் சமரசத்தில் முடிந்தது என்று செய்தியில் வந்தது. கம்பெனிக்காரர்களில் ஒருவனும் ஜெயிலுக்குப் போகவில்லை.

அந்தச் செய்தி வந்த மத்தியானம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தாங்கவில்லை. "ஏன் அண்ணி இப்படிப் பழியெல்லாம் தூக்கி உன் தலையில போட்டுக்கறே? அந்தக் கம்பெனிக்காரன் பொய் சொன்னான். டாக்டர் பொய் சொன்னான். உன் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பினவனும் பொய்தான் சொன்னான். இத்தனை பேர் இருக்க, நீயா குத்தவாளி?" என்று சத்தம் போட்டேன்.

அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு அவ்வளவு பட்டாணி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"நீ சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும் நெல்டா. அவங்கவங்க கணக்கை அவங்கவங்க ஆண்டவர்கிட்டப் போய்ச் சொல்லிக்கட்டும். பழிக்காக நான் அழல" என்றாள்.

"பின்ன எதுக்காம்?"

உரிக்கிற கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நான் மொத தடவை குடுத்த அன்னைக்கு நீ இங்க இல்ல. இந்தா, இந்த எடத்துலதான் தரையில கெடந்தான். ஊருக்கு வந்ததுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்ல அவனுக்கு. மாத்திரையைப் போட்டுட்டுத் தண்ணி குடிச்சான். நான் தலைமாட்டுல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல கடிச்சிட்டிருந்த பல்லை விட்டான். மூஞ்சி எளகிடுச்சு. 'அம்மா, வலிக்கவே இல்லம்மா'ன்னு சிரிச்சான். சின்னதுல சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. சண்டைக்குப் போன பிள்ளை அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்தான்னு நெனச்சேன். அப்படியே தூங்கிட்டான். உங்கண்ணன் சோறு கேட்டாரு, போய்யான்னு வெரட்டிட்டேன். இருட்டற வரைக்கும் அவன் தூங்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆண்டவருக்கு அவ்வளவு நன்றி சொன்னேன்."

நான் ஒரு பிடி பட்டாணியை என் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் எதுன்னு யாராவது கேட்டா, அந்த நாள்தான் நெல்டா. வேற ஒண்ணு இருக்கான்னு தெனமும் தேடிப் பாக்கறேன். அவன் பொறந்த நாளு, ஊர்வலம் வந்த நாளு, எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பாக்கறேன். அதுதான் வருது."